காரணம்: பயனர் தரப்பு

அடுத்தவர் மௌஸை நான் தொடுவதில்லை. கூச்சம் என்று சிலர் சொல்வார்கள், சுத்தம் என்று நான் சொல்வேன். ஆறு வருடமாக இந்தக் காலணித் தொழிற்சாலையில் ஊழியர்களின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற நான் கண்டதையெல்லாம் நீங்கள் கண்டிருந்தால், மேடம், நீங்களும் தொடமாட்டீர்கள். பசை காய்ந்த விரலும் தோல்தூளும் ரொட்டித் துணுக்கும் பட்டுப் பட்டு மௌஸின் மேலேயே ஒரு தோல் வளர்ந்திருக்கும். அதனால் நான் என் இடத்தை விட்டு எழுந்திருக்காமல், என் கம்ப்யூட்டரிலிருந்து அவர்கள் கம்ப்யூட்டருக்குள் புகுந்து, என் மௌஸாலேயே கோளாறைப் பார்த்துவிடுவேன். இதில் யாருக்கும் இதுவரை நஷ்டமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

விசாரணைக் கடிதத்தில் நீங்கள் கேட்டிருப்பது ஒரே கேள்வி. பேட்டர்ன் அறைக் கம்ப்யூட்டரில் மௌஸின் வேகம் ஐந்து மாதத்தில் பத்தொன்பது முறை என் இருக்கையிலிருந்து மாற்றப்பட்டிருக்கிறது, ஏன் என்கிறீர்கள். ஒரு தாளில் பதில் போதும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு தாளில் அடங்காது. பத்தொன்பதும் ஒரே காரணத்துக்காகச் செய்தவை அல்ல.

முதலில் அந்த அறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காலணியின் மேல்தோலை எந்த வடிவத்தில் வெட்டுவது என்று அங்கேதான் கோடு போடுவார்கள். கோடு போடுகிற மென்பொருள் அரதப்பழசு. அதைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. புதிய கம்ப்யூட்டரில் அது ஓடாது, அதை விட்டால் இருபது வருடத்து வடிவங்களும் போய்விடும். ஆகவே புதிய கம்ப்யூட்டருக்குள்ளேயே, மென்பொருளால், ஒரு பழைய கம்ப்யூட்டரைக் குடிவைத்திருக்கிறோம். வர்ச்சுவல் மெஷின் என்பார்கள், நாங்கள் வி.எம். என்போம். காலையில் நான் அதைத் திறந்து திரை முழுக்க விரித்துவிடுவேன். வெளியே ஒரு கம்ப்யூட்டர் இருப்பதே வேலை செய்கிறவர் கண்ணில் படாது. முன்பு ஒருமுறை மாஸ்டர் வெளியே வந்து எதையோ அழுத்திவைத்து அரை நாள் என் உயிரை வாங்கினார், அதிலிருந்து இந்த ஏற்பாடு.

மாஸ்டர் என்று நான் சொல்வது பேட்டர்ன் மாஸ்டரை. என் அக்காவின் வீட்டுக்காரர், எனக்கு அத்தான். காலணியின் முன்வளைவைக் கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் போடுவார். அதனால் வெட்டும் பிரிவில் அவருக்கு 'ஒத்தக்கோடு' என்று பெயர். அந்தப் பெயரை யாராவது சொன்னால் கேட்காதது மாதிரி இருப்பார், ஆனால் நடை கொஞ்சம் மாறும். இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அதை நான் மறந்ததில்லை. மறக்க அவர் விட்டதுமில்லை.

அவருடைய பழைய மௌஸில் இடது பொத்தான் செத்துப்போனது. ஸ்டோரில் கிடக்கிற சாதாரண மௌஸ் ஒன்றைத் தூக்கிக் கொடுத்திருந்தால் இன்று இந்தக் கடிதமே இல்லை. அக்கா புருஷனாயிற்றே, நுணுக்கமான வேலை பார்க்கிறவராயிற்றே என்று, கம்ப்யூட்டரில் விளையாடுகிறவர்கள் பெருமையாக வைத்துக்கொள்கிற உயர்ந்த ரகத்தை நானே தேர்ந்தெடுத்து வரவழைத்தேன். ஒரு பெட்டியில் மூன்று வந்தன. ஒன்றை அவருக்குக் கொடுத்தேன். மற்ற இரண்டையும் என் இழுப்பறையில் போட்டுவைத்தேன். நல்லது செய்யப்போய் என்று எல்லாரும் சொல்வார்கள், என் விஷயத்தில் அது நிஜம்.

அதே வாரத்தில் அந்த வி.எம்.மை வேறொரு புதிய கம்ப்யூட்டருக்கும் மாற்றியிருந்தேன். இரண்டு மாற்றங்களை ஒரே வாரத்தில் செய்யக்கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். நான் செய்தேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது.

"மச்சான், அம்பு பின்னாடி வருதுடா."

"எவ்வளவு பின்னாடி அத்தான்?"

"நான் நிறுத்தினப்புறமும் அது போகுது. நான் போறப்ப அது நிக்குது. உங்க அக்காவோட கடைக்குப் போற மாதிரியே இருக்கு."

அன்றைக்குச் சிரித்தேன். அடுத்த பதினொரு நாளும் சிரிக்கவில்லை.

வி.எம்.முக்குக் கொடுத்த நினைவகத்தை இரண்டு மடங்காக்கினேன். உள்ளேயிருக்கும் கம்ப்யூட்டரையும் வெளியே இருப்பதையும் இணைக்கிற துணை மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். படத்தை வேகப்படுத்துகிற வசதியைப் போட்டேன், சரியாகவில்லை என்று எடுத்தேன், எடுத்தால் இன்னும் மோசம் என்று திரும்பப் போட்டேன். மின்சிக்கன அமைப்பை அணைத்தேன். வயரை வேறு துளையில் செருகச் சொன்னேன். வி.எம்.மின் கோப்பு மொத்தத்தையும் வேறு வட்டுக்கு மாற்றினேன், அதற்கே ஒரு பகல் போயிற்று. வேறு மௌஸும் கொடுத்தனுப்பி மாட்டச் சொன்னேன். மாட்டியது என் இழுப்பறையில் இருந்த இரண்டாவது, அதே பெட்டியில் வந்தது, அதே ரகம். அது எனக்கு உறைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் "இப்ப பாருங்க" என்பேன், அவர் "ம்ஹூம்" என்பார். அந்த ம்ஹூமைக் கேட்டுக் கேட்டு எனக்கு மண்டை காய்ந்துபோயிற்று. வீட்டுக்குப் போனால் அங்கேயும் விடமாட்டார். அக்கா சாப்பாடு போடும்போது, "உன் தம்பி பெரிய மௌஸ் டாக்டர். நோயாளி மட்டும் பிழைக்க மாட்டேங்குது" என்பார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

எங்கள் பிரிவில் புகாருக்கு டிக்கெட் என்று பெயர். ஒரே புகாருக்கு நான்காவது டிக்கெட் விழுந்தால் அது தானாகவே மேலாளரின் திரையில் சிவப்பாகப் போய் நிற்கும். ஆறு வருடத்தில் எனக்குச் சிவப்பு விழுந்ததே இல்லை. அவர் மூன்றாவதைப் போட்டிருந்தார். அதற்குள் ஒரு கோடு இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போய், அதைப் பார்த்து வெட்டிய இருநூறு ஜோடித் தோலும் வீணாகியிருந்தது. வெட்டும் பிரிவுக்காரர்கள் ஒத்தக்கோடு என்று கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள். நாளைக்கு நான்காவது டிக்கெட் வரும் என்று எனக்குத் தெரியும்.

அன்று பகல் மூன்று மணிக்கு அவரைப் போனில் கூப்பிட்டேன்.

"அத்தான், மௌஸ்ல இருந்து கையை எடுங்க. சும்மா திரையை மட்டும் பாருங்க."

என் இடத்திலிருந்து அவருடைய வி.எம்.முக்குள் புகுந்து, என் மௌஸை அசைத்தேன். அவர் திரையில் அம்பு ஒரு வட்டம் போட்டது. பிறகு முன்வளைவை நானே போட்டேன். எனக்குக் கோடு போட வராது, ஆனால் அம்பு தயங்காமல், விக்காமல், எண்ணெய் மாதிரி ஓடியது.

"இப்ப நீங்க அசைங்க."

அம்பு தயங்கியது, நின்றது, பிறகு தாவியது.

"மறுபடி நான்."

ஓடியது.

போனில் தையல் மிஷின்கள் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் கேட்டார்.

"அப்ப என் கைதானா?"

"மௌஸ்ல ஒண்ணும் இல்ல அத்தான்" என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். கை என்று நான் சொல்லவில்லை. டிக்கெட்டை மூடும்போது காரணம் என்று ஒரு கட்டம் வரும். சாதனக் கோளாறு, மென்பொருள் கோளாறு, பயனர் தரப்பு என்று மூன்றுதான் அதில் இருக்கும், நான்காவதாகத் 'தெரியவில்லை' என்று ஒன்று கிடையாது. அப்படி ஒன்று இருந்திருந்தால் அதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன். பயனர் தரப்பு என்று போட்டு மூடினேன். நான்காவது டிக்கெட் வரவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். அத்தானின் அப்பாவுக்கு நடுக்குவாதம். கடைசி நான்கு வருடம் அவரால் ஒரு டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அக்கா கல்யாணமாகிப் போன புதிதில் அந்த வீட்டில் நான் ஒரு மாதம் தங்கியிருந்தபோது பார்த்திருக்கிறேன். அத்தான் அப்பாவின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த வியாதி தனக்கும் வந்துவிடுமோ என்ற பயம் அவருக்குள் எப்போதும் இருந்தது. எனக்கு அது தெரியாது என்று சொன்னால் பொய்யாகிவிடும். தெரியும். அந்தப் பகல் மூன்று மணிக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவே.

அதற்குப் பிறகு அவர் தன் கையையே பார்க்க ஆரம்பித்தார். சாப்பிடும்போது பார்ப்பார், சட்டைப் பொத்தான் போடும்போது பார்ப்பார். யாரும் கவனிக்காதபோது விரல்களை விரித்து மேசைக்கு மேல் நீட்டிப் பார்ப்பார். இப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தால் யாருடைய கையும் நடுங்கத்தான் செய்யும். என் கையை நீட்டிப் பார்த்தேன், என்னுடையதும் லேசாக நடுங்கியது. அக்கா அவரை நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள். கார் ஓட்டியது நான். டாக்டர் விரல்களைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், தோளைப் பிடித்து அசைத்தார். தோள் இறுக்கமாக இருக்கிறது, இந்தக் கட்டத்தில் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது, அப்பாவுக்கு இருந்திருப்பதால் குறைந்த அளவில் மாத்திரை கொடுத்துப் பார்ப்போம் என்றார். நியாயமாகத்தான் பேசினார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மாத்திரை ஆரம்பித்த ஐந்தாம் நாள் என் சொந்த மௌஸ் கெட்டுப்போனது. இழுப்பறையில் மிச்சமிருந்த மூன்றாவதை எடுத்து மாட்டினேன். சோதனைக்காக என்னிடம் இருந்த ஒரு வி.எம்.மைத் திறந்தேன். அம்பு தயங்கியது, நின்றது, தாவியது.

கோளாறு இதுதான், மேடம். சாதாரண மௌஸ் ஒரு விநாடிக்கு நூற்றிருபத்தைந்து தடவை தான் இருக்கும் இடத்தைக் கம்ப்யூட்டரிடம் சொல்லும். நான் ஆசைப்பட்டு வரவழைத்த ரகம் ஆயிரம் தடவை சொல்லும். நீங்கள் வேகம் என்று எழுதியிருப்பது இந்த எண்ணிக்கையைத்தான். புதிய கம்ப்யூட்டருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. உள்ளே குடியிருக்கிற பழசுக்கு அவ்வளவையும் வாங்கி விழுங்க முடியாது, மூச்சு முட்டி நின்றுவிடும். அன்று மூன்று மணிக்கு என் இடத்திலிருந்து நான் அசைத்தது சாதாரண மௌஸ், அதனால்தான் ஓடியது. மௌஸோடு வரும் மென்பொருளை வெளிக் கம்ப்யூட்டரில் திறந்து, ஆயிரத்தை நூற்றிருபத்தைந்தாகக் குறைத்தேன். அம்பு எண்ணெய் மாதிரி ஓடியது. நாற்பது விநாடி வேலை. பதினொரு நாள் நான் நாய் படாத பாடு பட்டது இதற்குத்தான். எழுந்து போய் அவரிடம் சொல்லவேண்டும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. எழுந்தும் நின்றேன்.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். டிக்கெட் பயனர் தரப்பு என்று மூடியாகிவிட்டது. இருநூறு ஜோடித் தோலுக்கு அவர் மேலாளர் முன்னால் தலைகுனிந்து நின்று, என் கையால் வந்த பிழை என்று சொல்லியாகிவிட்டது. அக்கா உறவில் எல்லாருக்கும் போன் போட்டு அழுதாகிவிட்டது. இப்போது போய், எல்லாம் நான் வரவழைத்த மௌஸால் வந்தது என்று சொன்னால் வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று எனக்குத் தெரியும். அடுத்த இருபது வருடம் சாப்பாட்டு மேசையில் அதுதான் பேச்சு. அதனால் யாருக்கும் நோகாத ஒரு வழி கண்டுபிடித்தேன். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. மாத்திரை வேலை செய்கிறது என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும். கை தேறிவிட்டது என்று சந்தோஷப்படட்டும். மூன்று மாதத்தில் டாக்டரே மாத்திரையை நிறுத்திவிடுவார், கதை முடிந்தது.

உங்கள் பட்டியலில் முதல் மூன்று மாற்றங்கள் இவை. அவர் வருவதற்கு முன்னால், காலை எட்டரைக்குச் செய்தவை. ஆயிரம் ஐந்நூறானது, ஐந்நூறு இருநூற்றைம்பதானது, கடைசியில் நூற்றிருபத்தைந்து. இரண்டே வாரத்தில் அவர் ஆளே மாறிவிட்டார். முன்வளைவைப் பழையபடி ஒரே இழுப்பில் போட்டுவிட்டு, அச்செடுத்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அக்காவிடம் காட்டினார். அக்கா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். நான் செய்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று என்று இப்போதும் நினைக்கிறேன்.

மறுபடி டாக்டரிடம் போனோம்.

"மாத்திரை ஆரம்பிச்சு எத்தனை நாள்ல வித்தியாசம் தெரிஞ்சுது?" என்று டாக்டர் கேட்டார்.

"ரெண்டு மூணு வாரத்துல சார். கோடு முன்ன மாதிரியே வருது" என்றார் அத்தான். குரலில் அப்படி ஒரு பூரிப்பு.

டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னார். "இந்த மாத்திரைக்கு இவ்வளவு நல்லாக் கேக்குதுன்னா, நாம சந்தேகப்பட்டது சரிதான்னு எடுத்துக்கணும். வியாதி அதுதான். பயப்படாதீங்க, கட்டுப்பாட்டுல வச்சுக்கலாம். தொடர்ந்து சாப்பிடணும், ஆயுசுக்கும்."

அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். சொல்லவேண்டிய வார்த்தை வாயில்தான் இருந்தது. ஆனால் அறைக்கு வெளியே அடுத்த நோயாளி காத்திருந்தார், டாக்டர் மணியை அடித்துவிட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் அத்தான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது, "எங்கப்பாவுக்கு அம்பத்தெட்டுல வந்துச்சு. எனக்கு அம்பத்தொண்ணு" என்று மட்டும் சொன்னார்.

நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ளவேண்டும். மாத்திரை கேட்டதால்தானே வியாதி என்றார்கள். மாத்திரை கேட்கவில்லை என்றால் வியாதி இல்லை என்று ஆகிவிடும் அல்லவா. வேகத்தை மறுபடி ஐந்நூறுக்கு ஏற்றினேன், பிறகு ஆயிரத்துக்கு. நான்காவதும் ஐந்தாவதும் இவைதான். இதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை, கணக்காக யோசித்துச் செய்தது. கோடு மறுபடி கெட்டதும் டாக்டர் வியாதி முன்னேறுகிறது என்று சொல்லி மாத்திரையை இரட்டிப்பாக்கினார். பயந்துபோய் வேகத்தைக் குறைத்தேன், அது ஆறாவது. கை தேறியது. பார்த்தீர்களா, அளவை ஏற்றியதும் கேட்கிறது என்றார் டாக்டர். நான் எந்தப் பக்கம் திருகினாலும் அது வியாதிக்கே சாட்சியாகப் போய் நின்றது. எரிச்சல் என்றால் அப்படி ஒரு எரிச்சல். பதினொரு நாள் கோளாறு கிடைக்காமல் தவித்தேனே, அப்போதுகூட அவ்வளவு எரிச்சல் வரவில்லை.

ஏழாவதைத் தனியாகச் சொல்கிறேன். அன்று கேன்டீனில் எங்கள் மேசையில் எட்டுப் பேர். அத்தானுக்கு அன்று கை நன்றாக இருந்தது, அதனால் வாயும் நன்றாக இருந்தது. "இவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். நான் மட்டும் இல்லன்னா இன்னைக்கு எங்கயாவது பஸ் ஸ்டாண்டுல சார்ஜர் வித்துக்கிட்டு இருப்பான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு என் இடத்துக்கு வந்து, ஆயிரம் என்று மாற்றினேன். நேரம் ஒன்று நாற்பது. உங்கள் பட்டியலிலும் அதே நேரம்தான் இருக்கும். சாயங்காலம் அவர் என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரலாமா என்று கேட்டார். ஆறு வருடத்தில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"தம்பி, இன்னைக்கு மத்தியானத்துல இருந்து ரொம்ப மோசமா இருக்குப்பா" என்றார்.

அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன். அரை மணி நேரம் அவரோடு பேசிக்கொண்டிருந்தேன், ஆறுதலாகத்தான் பேசினேன். அவர் நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். குறுக்கே பேசவில்லை, கிண்டல் செய்யவில்லை. மச்சான் போய்த் தம்பியானேன். வீட்டில் அக்கா எதற்கெடுத்தாலும் என்னைக் கேட்க ஆரம்பித்தாள். எந்த டாக்டர், எப்போது விடுப்பு, கார் சாவியை அவரிடமிருந்து வாங்கி வைத்துவிடலாமா என்று. வாங்கி வைக்கச் சொன்னேன். எட்டிலிருந்து பதினெட்டு வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டால் என்னால் சொல்ல முடியாது. சிலதுக்கு அவர் என்னிடம் முகத்தைச் சுளித்திருப்பார். சிலதுக்கு ஒன்றுமே இருக்காது. காலையில் வந்து, இன்றைக்கு அவருக்கு எப்படி இருக்கட்டும் என்று யோசிப்பேன். நல்ல நாட்களும் கொடுத்திருக்கிறேன், பட்டியலில் எண்ணிப் பாருங்கள், ஏறக்குறைய சரிபாதி.

மாத்திரை அதிகமானதில் சில தொந்தரவுகள் வந்தன. உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டும். அறை மூலையில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்பார், யார் என்று கேட்டால் அப்பா மாதிரி இருக்கிறது என்பார். இவை மாத்திரையின் பக்கவிளைவுகள் என்று டாக்டரே சொல்லியிருந்தார். மாத்திரையை எழுதியது நான் இல்லை.

பத்தொன்பதாவது ஒரு திங்கட்கிழமை காலை. வேகம் ஆயிரம். பதினொரு மணிக்கு அவர் கோடு வராமல் அலுத்துப்போய், நாற்காலியிலிருந்து வேகமாக எழுந்து, வெட்டும் பிரிவுக்குப் போகிற இரும்புப் படியில் கால் வைத்திருக்கிறார். கண் இருட்டியிருக்கிறது. ஏழு படி. வலது மணிக்கட்டு மூன்று இடத்தில் நொறுங்கியது. தகடு வைத்துத் தைத்தார்கள். இனி விரல்கள் முழுக்க மடங்காது என்று எலும்பு டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா என் தோளில் சாய்ந்து, "நீ மட்டும் இல்லைன்னா நாங்க என்னடா பண்ணியிருப்போம்" என்று அழுதாள். நானும் அழுதேன். நடிக்கவில்லை.

அந்தக் களேபரத்தில் வேகத்தைக் குறைத்து வைக்க மறந்துவிட்டேன். ஆறு வருடத்தில் நான் செய்த உண்மையான கவனக்குறைவு அது ஒன்றுதான். அவர் இடத்துக்கு வந்த புதிய பேட்டர்ன்காரப் பெண் இரண்டாம் நாளே டிக்கெட் போட்டார். அம்பு பின்னால் வருகிறது என்று. பழைய டிக்கெட்டில் நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு என் அறைக்கே வந்தார்.

"பயனர் தரப்புன்னு போட்டிருக்கீங்க. அவருக்குக் கை நடுக்கம்னு எல்லாரும் சொல்றாங்க. அப்ப எனக்கும் அதே வியாதியா சார்?"

பார்க்கிறேன் என்றேன். அவர் காத்திருக்கவில்லை. வீட்டிலிருந்து ஒரு பழைய மௌஸைக் கைப்பையில் போட்டுக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார். ஓடியிருக்கிறது. அவ்வளவு சுலபம். அடுத்தவர் மௌஸைத் தொட அவருக்கும் பிடிக்காதாம், அதனால்தான் சொந்தமாகக் கொண்டுவந்தாராம். பிறகு மேலாளரிடம் போய், மாற்றங்களின் பதிவைக் கேட்டு வாங்கியிருக்கிறார். பத்தொன்பது வரிகள். மீதி உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் கேட்டது மௌஸ் வேகத்தைப் பற்றி மட்டும்தான். அத்தானுக்கு நடுக்குவாதம் கிடையாது என்பது இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அவருக்குத் தெரியவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ள இதைக் கேட்கவில்லை. வேலை போனாலும் அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. அவர் இப்போது தன் வியாதியோடு ஒரு சமாதானத்துக்கு வந்திருக்கிறார். அப்பாவைப் பற்றி அன்பாகப் பேசுகிறார். அதெல்லாம் ஒன்றுமில்லை, ஒரு மௌஸ்தான் என்று போய்ச் சொன்னால் அந்த மனுஷன் என்ன ஆவார். அதோடு, தகடு வைத்த பிறகு அந்தக் கை நிஜமாகவே நடுங்குகிறது. ஆகவே டிக்கெட்டில் நான் எழுதிய காரணம் இன்றைய தேதியில் சரிதான்.

நீங்கள் என்னைத் தற்காலிகமாக நிறுத்திவைத்ததிலிருந்து பகலில் அவருக்குத் துணை நான்தான். அக்கா வேலைக்குப் போகவேண்டுமே. அவரால் இப்போது மாத்திரை டப்பாவின் மூடியைத் திறக்க முடியாது, நான் திறந்து எடுத்துக் கையில் கொடுத்து, தண்ணீரையும் வாயருகே பிடிக்கிறேன். ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. மணி ஒன்றாகப் போகிறது, உள்ளேயிருந்து தம்பி என்று கூப்பிடுகிறார், அதனால் இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.